இளஞ்சிவப்பு வராத தண்ணீர்

நிலவுத் தளம், தண்ணீர்ப் பிரிவு. எழுதுபவன் தாமோதரன், வயது ஐம்பத்திரண்டு, இப்பிரிவின் ஒரே ஊழியன்.

நாள் 211, 07:10
முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேருக்குக் குளோரின் கலந்து கொடுக்கும் நான், அந்தத் தண்ணீரில் காபி குடிப்பதில்லை. நீச்சல்குளத்தைச் சூடாக்கிக் குடிப்பது போலிருக்கும். சமையல்காரர் பீர் முகமது பாய் சிறுநீரகம் கெட்டுப்போய், ஊர் திரும்பும் கப்பலுக்குக் காத்திருக்கிறார். அவருக்கு டயாலிசிஸ் செய்யும் இயந்திரத்தில் இரண்டு கரி வடிகட்டிகள். நேற்று மாலை ஒன்றைச் சுட்டுவந்து என் அறைக் குழாயில் மாட்டினேன். கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்துக்கு ஒன்று போதாதா? காபி அமிர்தம்.

நாள் 211, 09:00
வழக்கமான சோதனை. சோதனை மாத்திரை போட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும். ஆகவில்லை. குளோரின் பூஜ்யம். கிருமி எதுவோ தின்றுதீர்க்கிறது. பக்கத்துத் தளத்தில் போன வருடம் இதை அலட்சியம் செய்து, வயிற்றுப்போக்கில் ஆறு பேர் போனார்கள். அளவை இரண்டு மடங்காக்கினேன்.

நாள் 211, 13:20
பூஜ்யம். நான்கு மடங்கு.
செடிக்கூடத்துக் குணவதி, ஒலிபெருக்கியில்: “தாமு அண்ணே, குளிச்சா கண்ணு எரியுது. எங்களையெல்லாம் வெளுக்கப் போட்டிருக்கீங்களா?”
குணவதிக்கு எரியாத நாள் எது? அவள் குழாய் தொட்டிக்குப் பக்கத்தில்; அங்கே குளோரின் இருக்கத்தான் செய்யும். சோதனைக்கு விதிப்படி தொட்டியிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசிக் குழாய்தான் கணக்கு.

நாள் 212, 08:40
பூஜ்யம். எட்டு மடங்கு. ஐந்தாவது காபி போட்டுக்கொண்டேன்.

நாள் 212, 11:15
டாக்டர் நப்பின்னை, ஒலிபெருக்கியில்: “தாமோதரன், தண்ணிய நிறுத்துங்க! டயாலிசிஸ்ல பாய்க்கு ரத்த அணு உடையுது. குளோரின் உள்ள போயிருக்கு. என் ரெண்டாவது வடிகட்டி எங்க?”
குடித்தால் வயிறு சமாளித்துவிடும். இயந்திரத்திலோ நேராக ரத்தத்துக்குப் போகும். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் கழற்றினேன்.
வால்வை மூடிவிட்டேன். என் குழாயிலிருந்து வடிகட்டியைக் கழற்றக் குறடு எங்கே?

11:22
மருத்துவ அறையிலிருந்து பாய், ஒலிபெருக்கியில்: “தாமு, மூச்சு வாங்குதுடா. உன் ரூம் காபி மட்டும் நாறாதாமே... ஒரு வாய் கொண்டாயேன்.”

11:31
வடிகட்டி கழன்றது. மருத்துவ அறைக்கு ஓடவேண்டும். குழாயில் மிச்சம் ஒழுகியதைப் பிடித்து, பழக்கதோஷத்தில் மாத்திரை போட்டேன்.
ரத்தச் சிவப்பு.
பாய் பேசுவதை நிறுத்திவிட்டார்.
குளோரினைத் தின்ற கிருமியே இல்லை. இந்தத் தளத்தின் கடைசிக் குழாய் என் அறையில்தான் இருக்கிறது.