துடைக்காத மஞ்சள்

சிஸ்டர், இன்று காலை என் மேசைக்கு முன்னால் மறுபடியும் அந்த வாசனை. மூன்று வயதுக் குழந்தை, உடம்பு முழுக்க வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தார்கள். "அம்மா போட்டிருக்குங்க, ஜுரம் எறங்க மட்டும் மருந்து குடுங்க" என்றாள் தாய். ஈரத் துணி வாங்கிக் காலிலிருந்து துடைத்துப் பார்த்தேன். நீர்க் கொப்புளங்கள், சின்னம்மைதான். மற்ற பிள்ளைகளோடு சேரவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. அந்தப் பௌர்ணமி என்னை விட்டு இன்னும் போகவில்லை.

கிரிவலத்தில் மயங்கியவர்கள், காலில் புண்ணானவர்கள் என்று நம் ஆஸ்பத்திரி வாசல்வரை ஆட்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்தவளின் மடியில் ஒரு பெண் குழந்தை, இதே பூச்சோடு, கண் திறக்காமல் கிடந்தது. "கால்ல மட்டுமாவது துடைச்சுப் பாத்துடலாம் மேடம், குழந்தை ரொம்பத் துவண்டு கெடக்குது" என்றீர்கள். தாய் தடுத்தாள். "அம்மா எறங்குற வரைக்கும் தொடக்கூடாதுங்க."

"சாமி விஷயம், விடுங்க சிஸ்டர்" என்றேன். என்னமோ பெரிய மனசு என்று நினைப்பு. உண்மையில் அவசரம். ஜுர மருந்து எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது குழந்தையின் கைகால் சில்லிட்டிருந்தது. நீங்கள் யாரையும் கேட்காமல் துடைத்தீர்கள். மஞ்சளுக்கு அடியில் ஊதாப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினீர்கள், மறையவில்லை. அம்மை இல்லை, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதற்கு அடையாளம் அது. ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். வேலூர் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் அவள் வந்து, "நான்தான் தொட வுடல, நானே கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நோயில் படுத்திருந்த உங்களைப் பார்க்க வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தபோது, காலையிலேயே துடைத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். ஆறுதலுக்காவது பொய் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். "தெரியாது மேடம். ஆனா அந்தப் பொண்ணு இன்னும் தன்னையேதான் திட்டிக்கினு இருக்கும். ஒருவாட்டி போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றீர்கள். சரி என்றேன்.

போகவில்லை, சிஸ்டர். வீட்டைக்கூட விசாரித்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. "தப்பு என்னுது, உன்னுது இல்ல." சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், தடையில்லாமல் வருகிறது. நடந்ததை அறிந்த இன்னொருவர் நீங்கள்தான், நீங்களும் போய்விட்டீர்கள். இனி நான் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியவே போவதில்லை. இதுவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் போகாமல் இருக்கிறேன்.