அக்கா பார்த்துக்கொள்வாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் என் மகள் வாலுவும் நலம். (பெயர் வேறு, அவள் சேட்டையைப் பார்த்து எங்கள் சந்தே அப்படித்தான் கூப்பிடுகிறது. மூன்று வயது.) நீயும் மாமாவும் நலமா? நாலு வருடம் பேசாமல் இருந்தவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. உன் புது போன் நம்பர் என்னிடம் இல்லை.

நான் வேலை பார்த்த மாத்திரைக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாங்கள் அங்கே மாத்திரை அட்டை அடுக்கும் நேரத்தில் பிள்ளைகளை விட்டிருந்த காப்பகமும் அதோடு போயிற்று. எங்கள் சந்தில் மட்டும் ஆறு பெண்களுக்கு வேலை இல்லை. ஒருத்தி வேலை தேடிப் போனால் இன்னொருத்தி பிள்ளையைப் பார்ப்பாள். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தரும் ஆபீஸில் ஆறு பேரையும் ஒரே நாளில் வரச் சொல்லிவிட்டார்கள். வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன்.

அவள் சும்மா இருப்பாளா? ஸ்டாம்ப் பேடில் கையை வைத்து, என் விண்ணப்பத்தின் நட்ட நடுவில் ஐந்து விரலையும் பதித்துவிட்டாள். எனக்கு உயிரே போயிற்று. அதிகாரி அம்மா திட்டவில்லை. வேறு தாளை எடுத்து நீட்டிக்கொண்டே, நாளைக்கே வேலை கிடைச்சா இவளை யாரும்மா பார்த்துப்பாங்க என்று கேட்டார். யாரும் இல்லை என்றால், வேலைக்குத் தயாராக இல்லை என்று எழுதி உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களாம். எனக்கு முன்னால் உள்ளே போனவள் அப்படித்தான் அழுதுகொண்டு வெளியே வந்தாள்.

எங்க அக்கா என்கூடத்தான் இருக்கா, அவ பார்த்துப்பா என்று என் வாயில் வந்துவிட்டது. உன் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கே வந்து உன்னைப் பார்க்கப்போகிறாராம்.

அன்றிலிருந்து வாலுவிடம் உன் போட்டோவைக் காட்டி, இது யாரு, இது யாரு என்று கேட்டுக் கேட்டுப் பழக்குகிறேன். ஆபீஸ் அம்மா என்கிறாள். நீ அதில் முறைத்துக்கொண்டிருப்பது அப்படி.

வாலுவின் அப்பா வேலை தேடி வெளியூர் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு போன்கூட இல்லை. அவனை நம்பிக் கட்டிக்காதே என்று நீ அன்றைக்கே சொன்னாய். இங்கே வந்து இன்னொரு தடவை சொல், வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாரி அம்மா பார்த்துவிட்டுப் போனதும் நீ கிளம்பினால் தடுக்க மாட்டேன். ஆனாலும் உன் பையை மாட்ட ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். எதற்கும் நாலைந்து நாளைக்குத் துணி எடுத்து வா.

இதற்குப் பதில் எழுதாதே, அக்கா. எழுதினால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது. நீ வா.

உன் பிடிவாதக்காரத் தங்கை