எனக்குப் போட்ட நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு ஜெனிலாவின் தோத்திரம்.

இங்கே சென்னையில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? காற்று அடங்கி அப்பா கடலுக்குப் போகிறாரா?

போன வாரம் எங்கள் ஹோம் நர்சிங் கம்பெனியில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள், அம்மா. இனி நான் நோயாளிகளைக் குளிப்பாட்ட வேண்டாம். வீடு வீடாகப் போய், அங்கே பார்த்துக்கொள்கிற பெண்களின் வேலையைச் சரிபார்க்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் போனது, நானும் நாசரேத் ஊர்க் கிருபை அக்காவும் ஒரு வருடம் பகலும் இரவும் மாறிமாறி வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் வீடு. அக்கா இன்னும் அங்கேதான். எங்களுக்கு அங்கே தனித் தட்டு, தனி டம்ளர், தரையில் இடம். அன்று எனக்கு நாற்காலி போட்டு, பீங்கான் கப்பில் காப்பி தந்தார்கள். அக்கா அதே டம்ளரோடு சுவரோரம் நின்றாள்.

"ஏளா கிருபை, இங்கன என்ன வேடிக்கை? உள்ள போ," என்றார் வீட்டம்மா.

"மேடம் காப்பியைக் குடிங்க, ஆறிரும்லா," என்று சிரித்துவிட்டு அக்கா போனாள். நான் குடித்தேன்.

'பணியாளரை வீட்டார் மரியாதையாக நடத்துகிறார்களா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'ஆம்' என்று எழுதினேன். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

என் பதவியைக் கோயிலில் யாரிடமும் சொல்லாதீர்கள். நாளைக் காலை ஆபீசில் அந்தப் படிவத்தைத் திருத்தி எழுதத் திருப்பிக் கேட்கப் போகிறேன். கேட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜெனிலா