எமில் அண்ணையின் கையில் கொடுத்தது

ஓகஸ்ட் 2, குருநகர்

எட்டு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறேன். பெரியப்பாவின் மகன், கடற்றொழில் செய்கிற எமில் அண்ணை ரயில் ஸ்ரேசனுக்கு ஓட்டோவோடு வந்திருந்தார். வீட்டில் அண்ணையின் மனைவி ஜெனிற்றா மச்சாள் புட்டும் கணவாய்க் கறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்? நோர்வேயிலை நீ சாப்பிடுறேல்லையோ?"

சூட்கேசைத் திறந்ததும் முதலில் ட்ரோனைத்தான் தேடினேன். சுவெற்றருக்குள் சுற்றியபடியே இருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 3

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். ஒஸ்லோவில் இருக்கும்போதே எல்லாம் வாசித்தேன். வெளிநாட்டிலிருந்து ட்ரோன் கொண்டுவருகிறவர்கள் முன்கூட்டியே பதிய வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் அனுமதி எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் என்றிருந்தது. பக்கத்தை மூடிவிட்டேன். போன வருடம் வேறொரு நாட்டில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அதோடு இது அப்பாவின் ஊர். என்னை யார் கேட்கப் போகிறார்கள் என்றொரு நினைப்பு.

அண்ணை கேட்டார். "உதுக்குப் பேமிற் எடுத்தனியோ பிள்ளை?"

"ஓம் அண்ணை, எல்லாம் எடுத்திட்டன்."

யோசிக்கவே இல்லை. வாயில் தானாக வந்தது.

ஓகஸ்ட் 6

காலையில் படகுகள் கரைக்கு வரும் நேரம் பார்த்து ட்ரோனை எழுப்பினேன். வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு படகுகள் வந்தன. என் இணையப் பக்கத்தில் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற கணக்குத்தான் மனதில். கரையோரமாகத் திருப்பினேன். "உங்காலை விடாதை பிள்ளை, ஆமிக் காம்ப் இருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணை. "இந்தா, திருப்பிறன்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் தள்ளினேன். திரை கறுத்தது. முகாம் வேலிக்கு உள்ளே விழுந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்தது. அதைக் கண்டவுடன் கொன்ரோலரை அண்ணையின் கையில் வைத்தேன். "ஒருக்காப் பிடியுங்கோ அண்ணை, கை நடுங்குது."

கை நடுங்கியது உண்மை. ஆனால் அதற்காகவா கொடுத்தேன்?

"ஆற்றை இது?" சார்ஜன்ட் தமிழில்தான் கேட்டார். விளங்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. நான் அண்ணையைப் பார்த்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை — பார்த்தேன்.

"என்ரைதான் சேர்" என்றார் அண்ணை.

அண்ணையை ஏற்றிக்கொண்டு போய் பின்னேரம்தான் விட்டார்கள். வழக்குப் போடுவார்களாம். விசாரணை முடியும்வரை கடலுக்குப் போகக் கூடாதாம்.

ஓகஸ்ட் 7

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உனக்குப் பத்தாம் திகதி பிளைட். கேஸ் எண்டால் பாஸ்போட்டைப் பிடிச்சு வைப்பாங்கள். நான் இங்கைதானே இருக்கப் போறன்." சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "அந்தப் பேமிற்றைத் தா. இது தங்கச்சி எனக்கு வாங்கித் தந்த சாமான், பேமிற் இருக்கு எண்டு கொண்டுபோய்க் காட்டிறன். அதை நம்பித்தானே சொன்னனான்."

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"பேமிற் இல்லை அண்ணை. நான் எடுக்கேல்லை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். மச்சாள் அகப்பையோடு குசினி வாசலில் நின்றிருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

ஓகஸ்ட் 8

மச்சாள் சோறு போட்டுவிட்டு, "சாப்பிடுங்கோ" என்றார். நேற்றுவரை 'நீ'. மீன் குழம்பில் பெரிய துண்டு இன்றைக்கும் எனக்குத்தான். அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன்.

அப்பாவுக்கு ஒஸ்லோவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "பேசாமல் வந்து சேர். வெளிநாட்டுப் பாஸ்போட் எண்டால் பெரிசாக்குவாங்கள். உன்ரை வேலையும் போகும். எமில் அங்கத்தையாள், சமாளிப்பான்."

எழுதவே கூசுகிறது: அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. போனை வைத்துவிட்டு உடுப்புகளை மடிக்கத் தொடங்கினேன். யன்னலால் பார்த்தால் முற்றத்தில் அண்ணை வலை பொத்திக்கொண்டிருந்தார். நேற்றும் அந்த வலையைத்தான் பொத்தினார். அதில் இனிக் கிழிசலே இல்லை.

ஓகஸ்ட் 9

காலையில் பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். அண்ணையிடம் சொல்லவில்லை, சொன்னால் மறித்திருப்பார். மறித்தால் நான் நின்றிருப்பேன் — அந்தப் பயம்.

"ட்ரோன் என்ரை. பறக்க விட்டதும் நான்தான்."

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப அவர் எங்களுக்குப் பொய்யோ சொன்னவர்?"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. "என்னாலைதான் சொன்னவர்" என்றேன்.

"அவர் வாய் திறந்து சொன்னவர், தங்கச்சி. நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்."

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணை சொன்னது ஒன்றே ஒன்று: "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

ஓகஸ்ட் 19

நீதிமன்றம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அண்ணை வந்தார். அந்த வாசற்படியை இதற்கு முன் மிதித்ததே இல்லையாம்.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டம். ட்ரோன் அரசாங்கத்துக்கு. பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்கள். எனக்கு அவ்வளவுதான். அண்ணையைத்தான் எழுப்பி நிறுத்தினார்கள். பொலிசாருக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்கு நீதவான் கடுமையாக எச்சரித்தார். ஊர்ச் சனம் நாலைந்து பேர் பின்னால் இருந்தார்கள். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு, "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று நின்றார்.

என் அண்ணை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பேமிற் எடுத்தாயிற்று என்று நான் சொன்னதை அப்படியே நம்பியவர்.

ஓகஸ்ட் 20

விடிய அண்ணை தொழிலுக்குப் போய்விட்டார். நான் புறப்படும்போது படகு இன்னும் வந்திருக்கவில்லை.

செப்ரெம்பர் 7, ஒஸ்லோ

பூசை முடிந்து வர, எமில் அண்ணை போன் எடுத்துக் கதைத்தார் என்று அப்பா சொன்னார். அரை மணித்தியாலம் கதைத்தாராம். பாரை மீன் நன்றாகப் படுகிறதாம். மச்சாளுக்கு முழங்கால் நோவாம். கூரை ஓடு மாற்ற வேண்டுமாம்.

"என்னைப் பற்றிக் கேட்டவரோ?"

அப்பா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"லைன் அவ்வளவு சரியில்லை பிள்ளை" என்றார்.