புளித்த கரும்பு

பிப்ரவரி 13, வியாழன்

தோளை அசைக்க முடியவில்லை.

கீழ்பென்னாத்தூர் ஏழுமலையின் கரும்பு லாரி, பௌர்ணமி கிரிவலத்துக்காகச் சாலையை அடைத்ததால் இரண்டு நாள் வழியிலேயே வெயிலில் நின்றுவிட்டது. இன்று ஆலை ஆய்வகத்தில் சாற்றைச் சோதித்தது நான்தான். சர்க்கரை மிகக் குறைவு.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன்: "வெட்டுன கரும்புல கிருமி பூந்துடுச்சுங்க. அதோட என்சைம் சர்க்கரையை உடைச்சிடுச்சு."

"என் கரும்புல கிருமியாடா?"

லாரியிலிருந்து ஒரு கரும்பை உருவி என் தோளில் ஓங்கி அடித்தார். சாலையை நானா அடைத்தேன்? கரும்பு இரண்டாக உடைந்தது. கையில் மிஞ்சிய துண்டைக் கடித்துப் பார்த்தார். ஒரே புளிப்பாக இருந்திருக்க வேண்டும். முகம் சுளித்துத் துப்பினார். நான் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் வெறி பிடித்தவர் போல அடித்தார்.