சாகாத செல்கள்

கிழக்குத் தாம்பரம்
9.8.1977

அன்புள்ள அம்மாவுக்கு, தபீதாள் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா?

காலையில் காப்பிகூடக் குடிக்காமல் ஆய்வுக்கூடத்து எலிகளைப் பார்க்க ஓடினேன். உண்ணியின் செல்களைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காய்ச்சல் வைரஸைச் சேர்க்கிறோம். குரங்கின் செல்கள் என்றால் நாலைந்து நாளில் செத்துவிடும். இவை பன்னிரண்டு நாளாகியும் சாகவில்லை. உதவியாளர் சரசு வைரஸ் போட மறந்துவிட்டாள் என்று எங்கள் மேலதிகாரி டாக்டரிடம் சொன்னேன். "சத்தியமா போட்டேன்கா" என்று அழுதாள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சந்தேகம் தீரவில்லை. அந்தச் செல்கள் வளரும் நீரையே எலிகளுக்கு ஊசி போட்டேன். இன்று அவை காய்ச்சல் கண்டு சுருண்டு கிடந்தன. சரசு வைரஸ் போட்டுத்தான் இருக்கிறாள். வைரஸைச் சுமந்துகொண்டே உண்ணியின் செல் நன்றாக வாழ்கிறது. பயப்படாதீர்கள், கையுறை போட்டிருந்தேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். சின்ன பாட்டில் போதும், ஒருத்திதானே.

டாக்டர் வரும் நேரம். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சரசுவைக் கூப்பிடப் பல்லாவரம் போகப்போகிறேன். எலிகள் விஷயத்தை இங்கே யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.