குகையில் சிக்கிய பொத்தான்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நாம் சேர்ந்து பார்த்த படங்களில் குகைக்குள் நீல வெளிச்சம் இருக்கும், நாயகன் நிமிர்ந்து ஓடுவான். அத்தனையும் புளுகு, அப்பா. குகையை அளந்து வரைபடம் போடும் எங்களுக்கு, தலைவிளக்கை அணைத்தால் சொந்தக் கையே தெரியாது. பாதி வழி வயிற்றால் ஊர்ந்துதான் போகிறோம்.

நேற்று ஓர் இடுக்கில் நெஞ்சோடு மாட்டிக்கொண்டேன். குகைக்கென்று தந்த வழுவழுப்பான மேலுடுப்பைப் போடாமல், அம்மா தைத்துத் தந்த சட்டையோடு இறங்கியது என் தப்பு. பொத்தான் பாறையில் சிக்கிவிட்டது. படமென்றால் கத்தியிருப்பேன். கத்துவதற்கு மூச்சை இழுக்க வேண்டும். இழுத்தால் நெஞ்சு விரியும், பாறை விரியாது. பின்னால் வந்த குழுத் தலைவர் என் காலைப் பிடித்துக்கொண்டு, "திமிறாதப்பா. மூச்சை முழுசா வெளிய விடு. நான் இருக்கேன்ல," என்றார். விட்டேன். நெஞ்சு ஒடுங்கிய அந்த நொடியில் இழுத்தார். பொத்தான் தெறித்தது, நான் வந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதைத் தாண்டிவிடுங்கள். பொத்தானே இல்லாமல் ஒரு சட்டை தைத்து அனுப்பச் சொல்லுங்கள். அவள் தைத்ததைப் போட்டால்தான் எனக்கு உள்ளே இறங்கத் தைரியம் வருகிறது. ஏன் பொத்தான் வேண்டாமென்று கேட்டால், பிள்ளைக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

வாசலில் வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்றைக்கும் அதே இடுக்குதான்.

உங்கள் மகன்